வளையம் மூடியபோது

இது நடந்தது. நடக்கவில்லை என்று யாராவது நிரூபித்தால் முதலில் சந்தோஷப்படுபவன் நான்தான்.

கான்சாஸில் ஏப்ரல் பிறந்தால் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைப்போம். பழைய புல் எரிந்தால்தான் மாட்டுக்குப் புதுப்புல். வருடா வருடம் அதைப் படமெடுப்பது என் வேலை. லொரேட்டாவின் நிலத்தில் மட்டும் அன்றுதான் முதல்முறை.

அவளும் தம்பி வெர்லினும் ஒரு மூலையில் தொடங்குவார்கள். தீ சொட்டும் கேனோடு ஆளுக்கொரு ஓரமாக நடந்து எதிர்மூலையில் சந்திப்பார்கள். அத்துடன் தீ வளையம் மூடிவிடும். அதற்குள் நான் வெளியேற வேண்டும்.

“போட்டோக்காரரே, வெந்துபோனா கேமரா எனக்குத்தான்,” என்றான் வெர்லின்.

“வாயக் கழுவுடா,” என்றாள் லொரேட்டா. என்னிடம், “மூடறதுக்கு முன்னாடி கூப்பிடுவோம். நீங்க வெளிய வந்துட்டேன்னு சொன்னாத்தான் மூடுவோம்.”

வாக்கி-டாக்கியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நடுமேட்டில் முக்காலியை ஊன்றினேன்.

மாலை ஏழே முக்கால். இங்கே ஏப்ரலில் அப்போதுதான் சூரியன் இறங்கும். நல்ல வெளிச்சம். கேமராவில் ஓர் ஆள் தெரிந்தான். பள்ளத்திலிருந்து ஏறி வந்தான். கையில் கேன். தீ சொட்டியது.

ஓரமாகப் போக வேண்டியவன் நடுவே வந்தான்.

புல் எரிந்தது. ஆனால் சடசடக்கவில்லை. சத்தமே இல்லை...

“வெர்லின், நடுவுல என்ன பண்ற? நான் உள்ள இருக்கேன்!” என்று வாக்கி-டாக்கியில் கத்தினேன்.

“உள்ளயா? நான் அக்காகூட மூலைல நிக்கிறேன். மூடியாச்சு. நீங்கதானே இப்ப ‘வெளிய வந்துட்டேன், மூடு’ன்னீங்க?”

நான் சொல்லவில்லை.

அந்த ஆள் என்னை ஒருமுறை சுற்றி நடந்தான். முகத்தைத் திருப்பவில்லை. என் காலடியில் புல் கரியாகியிருந்தது.

நாலு பக்கமும் பெருந்தீ மேடேறியது.

எரிந்த இடம் மறுபடி எரியாது. அந்தக் கரியில் குப்புற விழுந்தேன்.

சூடு.

இரைச்சல்...

பிறகு, புகை.

மறுநாள் முக்காலியை எடுக்கப் போனோம். முந்தைய மாலை எடுத்த படங்களில் அந்த ஆள் இல்லை. வெறும் புல்.

நிலமெங்கும் கரி. நான் விழுந்த இடத்தில் மட்டும் பழைய புல் முழங்கால் உயரம் நின்றது. ஆள் நீளத்துக்கு. தீயே படாத புல். பக்கத்தில் அதே அளவில் இன்னொரு திட்டு.

லொரேட்டா கிட்டே வரவில்லை.

“அது என் வீட்டுக்காரர் கிளைட் வெந்து செத்த இடம். அன்னைக்கு அவரும் ‘வெளிய வந்துட்டேன், மூடு’ன்னாரு. அவர் குரல்தான். அதுக்கப்புறம் அந்த இடம் எரியறதே இல்ல.”

“எது? இதுவா, அதுவா?”

அவள் இரண்டு திட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இங்க எப்பவும் ஒண்ணுதான் இருக்கும்.”