மூக்கை நம்பிய லிங்கேஸ்வரன்

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் ஆளுக்கொரு கல்லில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அதில் லிங்கேஸ்வரன் யார் என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். தங்கள் மூக்கைத் தொட்டுக் காட்டுவார்கள். அப்படி ஒரு மூக்கு மனுசனுக்கு. எண்ணெய் வழியும் உடம்போடு எவனாவது கடந்து போனால், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும். "இது நல்லதம்பி கை. வெட்டிவேர் தூக்கலா இருக்கு பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அதில்தான் வந்தது வினை.

அவரவர் எண்ணெயை அவரவரே காய்ச்சுவது அங்கே வழக்கம். ஒருத்தர் சுக்கு போடுவார், ஒருத்தர் நொச்சி போடுவார். என்ன போட்டாய் என்று அடுத்தவர் கேட்க மாட்டார். ஒருத்தன் புட்டியை இன்னொருத்தன் தொடவும் மாட்டான். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை. கடையத்துக்காரன் விஜயசங்கர் லிங்கேஸ்வரனிடம்தான் தொழில் படித்தான். படித்து முடித்ததும் தன் எண்ணெயில் கிராம்பைச் சேர்த்துக்கொண்டான். மொத்த வரிசையிலும் கிராம்பு போடுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

லிங்கேஸ்வரனின் பெண்டாட்டி சங்கரேஸ்வரி. பிறந்த ஊர் கீழப்பாவூர். சாரல் தொடங்கிவிட்டால் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பழக்கடை போடுவாள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்துக்கொண்டு, வெளியூர்க்காரனிடம் வாயடித்து விற்பதில் கெட்டிக்காரி. கல்யாணம் ஆன புதுசில் இரண்டு பேருமாக அருவிக்குக் குளிக்கக் கிளம்பியபோது, தென்காசியில் லிங்கேஸ்வரன் அவளுக்கு ஒரு சிவப்புக் கரைத் துண்டு எடுத்துக் கொடுத்தார். மகள் நிவேதா ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிற வயதாகியும் அந்தத் துண்டை அவள் விடவில்லை. தூறல் போட்டால் தலையில் கட்டிக்கொள்வாள், மழை வெறித்தால் கடைக் கயிற்றில் காயப் போடுவாள். பழைய துணி என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள்.

ஐந்தருவி ரோட்டில் புதிதாக ஒரு ரிசார்ட் வந்தது. வருஷம் முழுக்க வேலை, மாசச் சம்பளம், மசாஜுக்கு நல்ல ஆள் ஒருத்தர் வேண்டும் என்று லிங்கேஸ்வரனிடம்தான் கேட்டார்கள். பக்கத்துக் கல்லில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த நல்லதம்பி, அது தனக்குத்தான் என்று நினைத்திருந்தான். அதில் தப்பும் இல்லை. சாரல் முடிந்தால் செங்கல் சூளைக்குப் போகிறவன் அவன். ஆனால் லிங்கேஸ்வரன் விஜயசங்கரை அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அவன் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவான் என்றார், சின்ன வயசு என்றார்.

"நீங்க பாத்துச் செஞ்சா சரிதான் அண்ணாச்சி" என்று நல்லதம்பி சிரித்தான்.

அந்தச் சிரிப்பை மனுசன் அப்படியே நம்பினார். மூக்கு இருந்த அளவுக்குக் கண் இல்லையே, என்ன செய்ய!

சாரல் பிடித்துக்கொண்டது. அருவியில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் நல்லதம்பி யாரோ ஒருத்தர் முதுகைத் தேய்த்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"மதினி கடையில இன்னிக்கு நல்ல யாவாரமோ அண்ணாச்சி? விஜயசங்கர் வண்டி ரொம்ப நேரமா நின்னுச்சு."

"ரிசார்ட்டுக்குப் பழம் எடுக்க வந்திருப்பான்லே."

"ஆமாமா, பழத்துக்குத்தான். வேற எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னான். அந்த 'வேற எதுக்கு' லிங்கேஸ்வரனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குச் சாயங்காலம் மேலகரத்து வீட்டில் சோறு போடும்போது சங்கரேஸ்வரி வேறு நேரம் தெரியாமல் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த விஜயசங்கர ஒரு நாளு சாப்பிடக் கூப்பிடுங்களேன். ரிசார்ட்டு சாப்பாடு வாய்க்கு வெளங்கலியாம். பாவம், ஒத்தையில கெடக்கான்."

"ஒன்ட்ட எப்ப சொன்னான்?"

"பழம் எடுக்க வரும்போதுதான். வேற எப்ப?"

நல்லதம்பி 'வேற எதுக்கு' என்றான், இவள் 'வேற எப்ப' என்கிறாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டா சொல்வார்கள்? மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தேகப்படுகிறோமா, சும்மா யோசிக்கிறோமா என்றே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் தொழிலிலும் இதே கதை. மதுரைக்காரர் ஒருத்தருக்கு ஒரே காலைத் திரும்பத் திரும்ப உருவிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, எனக்கு இன்னொரு காலும் இருக்கு" என்று அந்த ஆள் சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

பழக்கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற ராபியாவிடம் போய் நின்றார். டீயை வாங்கி ஆறவிட்டுக்கொண்டே, "அந்த விஜயசங்கரு அடிக்கடி வருதானோ?" என்றார்.

"பழம் வாங்குதவன் பழக்கடைக்கு வராம இரும்புக் கடைக்கா போவான்? என்ன கேள்வி இது!" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

நல்ல பதில்தானே? வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? 'இவ ஏன் கோவப்படுதா? இவளுக்கும் தெரியுமோ?' என்று அதையும் சேர்த்துக்கொண்டார். ஆட்டோக்காரன் குமரகுருவிடம் கேட்டார். "பேசிச் சிரிப்பாக அண்ணாச்சி, யாவாரம்னா சிரிக்கத்தான செய்யணும்" என்றான் அவன். சிரிக்கிறார்களா! நிலைமை இன்னும் மோசமானது.

கடைசியில் நல்லதம்பியிடமே போய், "ஏலே, ஒனக்கு ஏதும் தெரியுமா? தெரிஞ்சா சொல்லிரு" என்று கெஞ்சினார்.

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. எனக்கு என்ன தெரியும்? ஒங்க மூக்குக்குத் தெரியாம இந்தக் குத்தாலத்துல ஒண்ணு நடந்துருமா?"

அது நடந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். சங்கரேஸ்வரி கடையிலிருந்து திரும்பி வந்து துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். லிங்கேஸ்வரன் கொடிப்பக்கமாகக் கடந்தார். காற்று லேசாகத் திரும்பியது.

கிராம்பு.

துண்டை எடுத்து முகத்தோடு வைத்து இழுத்தார். நல்லெண்ணெய், நொச்சி, மேலே கிராம்பு. சந்தேகமே இல்லை, விஜயசங்கர் கைப்பாகம். அவள் தலையில் கட்டுகிற துண்டில் அவன் எண்ணெய் எப்படி வரும்? அவள் தலையை அவன் கை தொட்டால்தானே வரும்? இல்லை, பழம் எடுக்கும்போது கை துடைத்திருப்பானோ? கை துடைத்தால் கரையில்தானே இருக்கும், இது நடுவில் அல்லவா ஊறியிருக்கிறது? அப்படியென்றால்... அப்படியென்றால் என்ன? அடுப்படியில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கீரை கடைந்துகொண்டிருந்தாள். நாலு எட்டு வைத்து, "ஏட்டி, இது என்ன எண்ணெய்?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவளும் துண்டை வாங்கிப் பார்த்து, "அய்ய, எவன் தொடச்சான் இதுல?" என்று சொல்லியிருப்பாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லையே! துண்டைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு விடிய விடிய முழித்துக் கிடந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழக்கடையில் நல்ல கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து துண்டை அவள் மேல் வீசினார்.

"இது யாரு எண்ணெய்?"

துண்டு மங்குஸ்தான் குவியலில் விழுந்தது. சங்கரேஸ்வரி அதை எடுத்து உதறினாள். "எந்த எண்ணெய்? என்ன பேசுதீய?"

"கிராம்பு எண்ணெய். விஜயசங்கர் எண்ணெய். அவன் கை ஒந் தலைக்கு எதுக்கு வந்துச்சு?"

பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ராபியா டீ ஆற்றுவதை நிறுத்தினாள். சங்கரேஸ்வரி சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கடைசியாகப் புருசன் முகத்தைப் பார்த்தாள்.

"ஊரு கேக்கக் கேட்டாச்சுல்லா. இனி நான் சொல்லுத பதிலு யாருக்கு?"

அழவில்லை, கத்தவில்லை. பழத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள். ராபியாவிடம், "பாத்துக்கோக்கா" என்றாள். அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

லிங்கேஸ்வரனுக்கு ஒன்றும் ஓடவில்லை. தப்புச் செய்தவள் இப்படியா போவாள்? செய்யாதவள் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? குமரகுருவின் ஆட்டோவில் ஏறி ரிசார்ட்டுக்குப் போனார். அடிக்கப் போகிறோமா, கேட்கப் போகிறோமா என்று போய்ச் சேருகிறவரை தெரியவில்லை. விஜயசங்கர் வெள்ளைச் சட்டையும் பேண்டுமாக ஓடி வந்து, "அண்ணாச்சி, வாங்க வாங்க" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கையில் கிராம்பு இல்லை. எலுமிச்சைப் புல் மணந்தது.

"ஒன் எண்ணெய் எங்கலே?"

"கிராம்பு எண்ணெயா? வேலைக்குச் சேந்த அன்னைக்கே வெளி எண்ணெய் கூடாதுன்னுட்டாக அண்ணாச்சி. அதுலருந்து இவுக குடுக்குததுதான். மிச்சம் ஒரு புட்டி கெடந்துச்சு, அதை நல்லதம்பி அண்ணாச்சிட்ட குடுத்துட்டேன்."

"ஒன் புட்டிய அவன் எப்படிலே வாங்குனான்?"

"அவருதான் வந்து கேட்டாரு. ஒங்கட்ட சொல்லலியா?"

மூக்கு பொய் சொல்லவில்லை பாருங்கள். எண்ணெய் விஜயசங்கர் எண்ணெய்தான். கைதான் வேறு கை. கடைக் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த துண்டில் ஒரு கை எண்ணெய் தடவிவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்தவன் புட்டியைத் தொடமாட்டான் என்று அந்த வரிசையில் எல்லாரையும் நம்பின மனுசன், பெண்டாட்டியை மட்டும் நம்பவில்லை.

திரும்பி வந்தபோது நல்லதம்பி யாருக்கோ தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். லிங்கேஸ்வரன் அவன் சட்டையைப் பிடித்துக் கையை ஓங்கினார். "ஏம்லே இப்படிச் செஞ்சே? ஒனக்கு நான் என்னலே பாவம் பண்ணுனேன்?"

"சட்டைய விடுங்க அண்ணாச்சி. மதினியப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொல்லியிருக்கேனா? மோந்து பாத்தது நீங்க. கூட்டத்துல வச்சு கேவலப்படுத்துனது நீங்க." அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. "பக்கத்துலயே கெடந்த என்னைய விட்டுட்டு நேத்து வந்தவன ஏன் அனுப்புனீயன்னு எனக்கும் புரியல. நானும் நீங்க சொல்லுவீயன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஓங்கின கை அப்படியே நின்றது. அவன் சொன்னதில் எது பொய் என்று தேடினார், அகப்படவில்லை. ஏன் அனுப்பினோம் என்பதற்கும் பதில் அகப்படவில்லை. கையை இறக்கிவிட்டுத் தன் கல்லில் போய் உட்கார்ந்தார்.

போன் போட்டால் சங்கரேஸ்வரி எடுக்கவில்லை. அடுத்த வாரம் கீழப்பாவூருக்குக் கிளம்பினார். பாவூர்சத்திரத்தில் பஸ் மாறும்போது நல்ல மழை. தொப்பலாக நனைந்துபோய் மாமனார் வீட்டு வாசலில் நின்றார். அவள் வெளியே வந்தாள். மனுசன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். ரிசார்ட், எலுமிச்சைப் புல், புட்டி, நல்லதம்பி. சொல்லச் சொல்ல அவருக்குத் தெம்பு வந்தது. எல்லாம் விளங்கிவிட்டதே, இனி என்ன?

அவள் முழுசையும் கேட்டாள். "சரி. அந்த ரிசார்ட்டுக்காரன் அவனைப் பழைய எண்ணெயவே போட்டுக்கோன்னு சொல்லியிருந்தா?"

"என்னது?"

"அவன் கையில இன்னிக்கும் கிராம்பு மணந்திருந்தா, இப்ப எங்கன நிப்பீய?"

லிங்கேஸ்வரன் ஈரத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விடவில்லை.

"ராபியாட்ட கேட்டீய. ஆட்டோக்காரன்ட்ட கேட்டீய. துண்டுகிட்டகூட கேட்டீய. ஒரே வீட்டுலதான இருந்தேன், என்ட்ட கேக்க வாய் வரலியா?"

"தப்புத்தான். பெரிய தப்புத்தான் தாயி. நீ வந்துரு. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல." சொல்லும்போது மனுசன் அழுதுவிட்டார். பொய் அழுகை இல்லை.

அவர் தலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை அவள் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். வரும்போது கையில் அந்தச் சிவப்புக் கரைத் துண்டு. துவைத்து, காய வைத்து, மடித்து வைத்திருந்தாள்.

"தலையத் தொவட்டுங்க. தடுமம் பிடிச்சிரும்" என்று நீட்டினாள். குரல் இளகியிருந்தது.

லிங்கேஸ்வரன் இரண்டு கையாலும் வாங்கினார். துண்டு தலைக்குப் போகவில்லை. நேராக மூக்குக்குப் போனது. மோந்து பார்க்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை, சத்தியமாக நினைக்கவில்லை. சோப்பு வாடை மட்டும்தான் இருந்தது. நிமிர்ந்தபோது சங்கரேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டாள்.

"மழை விட்டுருச்சு. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஈரத் தலையோடு வாசலிலேயே நின்ற லிங்கேஸ்வரனுக்கு, தான் துண்டை மோந்து பார்த்தோமா, முகத்தைத் துடைக்கத்தான் தூக்கினோமா என்பதே குழப்பமாக இருந்தது.