பெயர்க் கட்டத்தில் எழுதியவர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் போர்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொலைபேசி போர்டில் உட்கார்ந்திருந்தவள். வெளியிலிருந்து வரும் அழைப்பை எலும்பு வார்டுக்கா, ரத்த வங்கிக்கா என்று கேட்டு மாற்றிக் கொடுப்பது அப்போது அவள் பிழைப்பு. பிறகு எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. போர்டைக் கழற்றிப் பழைய சாமான் அறையில் போட்டார்கள். அவளைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் கழலாமல் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியின் இணையதளத்துக்கு முன்னால் ஃபயர்வால் என்று ஒரு காவல் ஏற்பாடு உண்டு. தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் அது பார்க்கும். சரியானதை உள்ளே விடும். சந்தேகப்பட்டதை நிறுத்திவிட்டு, நிறுத்தியதைப் பதிவு செய்து வைக்கும். தினமும் காலையில் முந்தைய நாள் பதிவைப் படித்து, தவறாக நிறுத்தப்பட்டது ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் போர்டக்காவின் வேலை. பெரும்பாலும் குப்பை. எங்கோ இருக்கும் இயந்திரங்கள் இல்லாத பக்கங்களைக் கேட்கும், கடவுச்சொல்லைக் குத்துமதிப்பாக அடித்துப் பார்க்கும், ஒன்றும் நடக்கவில்லையென்றால் அடுத்த தளத்துக்குப் போய்விடும்.

"உன் பொண்டாட்டி என்ன வேலை பார்க்கிறான்னு கேட்டா நான் என்னதான் சொல்றது?" என்று டயர் கடை வைத்திருக்கும் அவள் கணவர் ஒருமுறை கேட்டார்.

"வாட்ச்மேன்னு சொல்லுங்க. என்ன, விசில் மட்டும் தரல."

அவர் அதை நிஜமாகவே நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நாள் சொந்தக்காரர்கள் வீட்டில் அவளுக்கு அதுவே பட்டப்பெயரானது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வேலை சலிப்பானதுதான், ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் தூக்கம் வரும் வேலை. யாரும் அழுதுகொண்டு அவளிடம் வருவதில்லை. போர்டில் இருந்த காலத்தில் அந்த நிம்மதி அவளுக்குக் கிடைத்ததில்லை.

ஒரு பிற்பகலில் ஆற்றில் பயணிகள் படகு ஒன்று கவிழ்ந்தது. கரைக்கு இழுத்துப் போடப்பட்டவர்களை அள்ளிக்கொண்டு வண்டிகள் நகரத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஓடின. யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் கூட்டம் முண்டியடித்தது. அன்று மாலையே கம்ப்யூட்டர் பிரிவில் அவசரமாக ஒரு பக்கம் தயார் செய்து தளத்தில் ஏற்றினார்கள். கட்டத்துக்குள் பெயரை அடித்தால், அந்தப் பெயரில் ஆள் இங்கே சேர்க்கப்பட்டிருக்கிறாரா இல்லையா என்று காட்டும்.

மறுநாள் விடிவதற்குள் சில திருட்டுப் பயல்கள் இயந்திரத்தை வைத்து அந்தப் பக்கத்திலிருந்து பெயர்களை உருவ ஆரம்பித்தார்கள். காயம்பட்டவரின் வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டு, ஆபரேஷனுக்குப் பணம் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். புகார் வந்ததும் பிரிவு அதிகாரி ஃபயர்வாலின் விதியை இறுக்கினார். ஒரே இணைப்பிலிருந்து அடுத்தடுத்துப் பல தேடல்கள் வந்தால், ஆள் பார்த்துத் திறக்கும்வரை அந்த இணைப்பை மறித்துவிட வேண்டும். போர்டக்காவைவிட வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் அவள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அன்று முழுவதும் அவளை வாசலில் உதவி மேசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அதற்கும் மறுநாள் காலையில்தான் அவள் தன் நாற்காலிக்குத் திரும்பி, முந்தைய நாள் பதிவைத் திறந்தாள். வழக்கமான குப்பைக்கு நடுவே ஒரே இணைப்பிலிருந்து வரிசையாகத் தேடல்கள் கிடந்தன. முதலில் ஓர் ஆண் பெயர். அடுத்து அதே பெயர், ஓரெழுத்தைக் குறிலாக்கி. அடுத்து நெடிலாக்கி. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, அது இல்லாமல், தகப்பன் பெயரையே முழுதாகச் சேர்த்து. கடவுச்சொல்லைத் திருடப் பார்க்கும் இயந்திரமும் இப்படித்தான் எழுத்தை மாற்றி மாற்றி அடிக்கும். ஃபயர்வால் அப்படியே எடுத்துக்கொண்டு காலையிலேயே அந்த இணைப்பை மறித்துவிட்டது.

மறித்த பிறகும் அந்த ஆள் விடவில்லை. பெயரால் பயனில்லை என்று நினைத்திருக்க வேண்டும். பெயர் கேட்கும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ளேயே வேறு விஷயங்களை எழுத ஆரம்பித்திருந்தார்.

வயது இருபத்திரண்டு. ஒல்லி, மாநிறம்.

நெற்றியில் தையல் தழும்பு, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது.

இடது கைச் சுண்டு விரல் வளைந்திருக்கும்.

நீச்சல் தெரியாது.

நான் அவன் அப்பா. தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே சொல்தான் இருந்தது: தடுக்கப்பட்டது.

போர்டக்கா அதிகாரியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவர் குனிந்து மேல் வரிகளை மட்டும் பார்த்தார்.

"ரூல் சரியாத்தானே வேலை செஞ்சிருக்கு அக்கா? ஒரே எடத்துலேர்ந்து இத்தனை வந்தா நிறுத்தத்தான் செய்யும்."

"ரூலை நான் ஒண்ணும் சொல்லல சார். கீழ வரைக்கும் படிங்க."

படித்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். பிறகு அந்த இணைப்பைத் திறந்துவிட்டார்.

"திறந்தாச்சு. ஆனா இந்தப் பையனைப் பேரு தெரியாத ஆளுன்னு சேர்த்திருந்தா, எப்படித் தேடினாலும் இல்லன்னுதான் காட்டும்" என்றார்.

"அதான் நானே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று அவள் எழுந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட்டுக்கு நிற்காமல் படியேறினாள். அங்கிருந்த நர்ஸ் பழைய பழக்கம்.

"சிஸ்டர், படகுல வந்தவங்கள்ல பேரு தெரியாத பையன் யாராவது உண்டா? நெத்தியில தழும்பு. இடது சுண்டு விரல் வளைஞ்சிருக்கும்."

நர்ஸ் கையில் இருந்த ட்ரேயைக் கீழே வைத்தாள். "சுண்டு விரலா? ஆமா. பல்ஸ் பார்க்கிற கிளிப் மாட்டும்போது பார்த்தேன், நேரா நிக்கல. கடைசிக் கட்டில்ல இருந்தான்."

"இருந்தானா?"

"நேத்து சாயந்திரம் முடிஞ்சிருச்சுக்கா. நினைவே திரும்பல. யாராவது வருவாங்கன்னு நாங்களும் வாசலைப் பார்த்துட்டே இருந்தோம்."

பிணவறையில் ஊழியர் துணியை விலக்கிக் காட்டினார். தையல் தழும்பு புருவத்துக்கு மேலே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. போர்டக்கா அவன் கையையும் பார்த்தாள். பிறகு தானே துணியை இழுத்து மூடினாள்.

தகப்பனின் போன் நம்பர் பதிவில் இருக்காது. எந்த இணைப்பிலிருந்து வந்தார் என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் தேடல் பக்கத்தில் 'இல்லை' என்று வரும் இடத்துக்குக் கீழே, பெயர் கிடைக்காதவர்கள் இந்த எண்ணில் பேசவும் என்று தன் மேசை நம்பரைப் போடச் சொன்னாள். அதிகாரி உடனே போட்டார். போன் ஓயாமல் அடித்தது. தம்பியைத் தேடியவர்கள், மாமியாரைத் தேடியவர்கள், எதற்கென்றே தெரியாமல் திட்டியவர்கள். எல்லோரிடமும் அடையாளம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி அந்தத் தகப்பன் லைனில் வந்தார்.

"அம்மா, நேத்துலேர்ந்து அடிச்சிட்டிருக்கேன். தடுக்கப்பட்டதுன்னே வந்துச்சு. நான் ஏதோ தப்பா அடிச்சிட்டேன்போல, மன்னிச்சுக்கங்க. எம்பையன் அந்தப் படகுலதான் போனானான்னே தெரியல. போன் எடுக்கல. எந்த ஆஸ்பத்திரின்னு கிளம்பறது, சொல்லுங்க?"

"ஐயா, உங்க பையனுக்கு இடது சுண்டு விரல்..."

"வளைஞ்சிருக்கும்! ஆமா! அங்க இருக்கானா?"

போர்டில் இருந்த காலத்தில் கெட்ட செய்தியைத் தன் வாயால் சொல்லக் கூடாது, டாக்டருக்கு இணைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு. இங்கே இணைக்க யாரும் இல்லை.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா ஐயா?"

"பெரியவன் இருக்கான். ஏம்மா? என்கிட்டயே சொல்லுங்க."

அவள் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, சீட்டைக் குடுங்க, லேட்டாவுது" என்று யாரோ டிரைவர் சத்தம் போட்டார். அவர் லாரி எடைமேடையில் எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பவர் என்பதும், அங்கிருந்த கம்ப்யூட்டரில்தான் நாள் முழுவதும் தேடினார் என்பதும் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது பெரிய மகன் போனை வாங்கி, "எங்க வரணும்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டான்.

அன்று மாலையே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். தகப்பன் மேல் சலவை மடிப்புக் கலையாத சட்டை, மார்புப் பையில் பேனா. உள்ளே போய் அடையாளம் காட்டிவிட்டு வந்து, தகப்பன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். போர்டக்கா டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிணவறையில் கொடுத்திருந்த இறப்புக் காகிதத்தைப் படித்தார்.

"நேத்து சாயந்திரம்னு போட்டிருக்கே?"

"ஆமா ஐயா."

"நான் காலையிலேயே அடிச்சேனே. பஸ்ல வர நாலு மணி நேரம் ஆகுமா? அப்பவே யாராவது சொல்லியிருந்தா, மூச்சு இருக்கறப்பவே வந்திருப்பேன். இல்ல?"

கூட நின்ற அதிகாரி, "அவருக்கு நினைவே இல்லைங்க, வந்திருந்தாலும்..." என்று ஆரம்பித்தார்.

"வந்திருக்கலாம் ஐயா" என்றாள் போர்டக்கா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் எழுதினதைப் படிக்கிற ஆளு நீங்கதானா?"

"நான்தான். நிறுத்தினதை மறுநாள்தான் எடுத்துப் படிப்போம். அதுதான் எங்க வழக்கம்."

"மறுநாளா?" என்றார். டம்ளரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் பெஞ்சுக்குக் கீழே வைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பையனைக் கொண்டுபோகும் வண்டி வரும்வரை அவள் பக்கம் திரும்பவில்லை.

ஒரு விசாரணை நடந்தது. ஃபயர்வால் விதிப்படியே செயல்பட்டது, ஊழியர்மேல் குறை இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். இனி இப்படி ஏதாவது நடந்தால் தடுக்கப்பட்டதை அன்றன்றே படிக்க ஆள் போட வேண்டும் என்று போர்டக்கா எழுதிக் கொடுத்தாள். ஆள் பற்றாக்குறை என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. யாரையும் கேட்காமல், மற்ற வேலைகளுக்கு நடுவே அவளே அதைச் செய்ய ஆரம்பித்தாள். டீக்கு எழுந்து போவது நின்றது. வீட்டில் பேச்சும் குறைந்தது.

"ஊர்ல உள்ளதையெல்லாம் நீ ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கற?" என்றார் கணவர்.

"தூக்கிப் போட்டுக்கல. படிக்கிறேன், அவ்வளவுதான்."

அதன்பிறகு அவர் வாட்ச்மேன் என்று சொல்வதை விட்டுவிட்டார்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அந்தப் பெரிய மகன் வந்தான். தம்பியின் கல்லூரியில் கொடுக்க இறப்புச் சான்றிதழின் இன்னொரு பிரதி வேண்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு நேராகக் கம்ப்யூட்டர் பிரிவுக்கே வந்து நின்றான்.

"அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போறார். வீட்டுக்கு வந்தா பேசறதில்ல. அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் உட்கார மாட்டேன்னுட்டார். இப்ப வெளிய எடைமேடைகிட்ட நிக்கிற வேலை." கையிலிருந்த விண்ணப்பத்தை இரண்டாக மடித்தான். "உங்க மேல எங்களுக்குக் கோபம் இல்லன்னு சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். பஸ்ல வர்ற வழியெல்லாம் அதையேதான் நெனச்சிட்டு வந்தேன். ஆனா கோபம் இருக்கு. உங்களைப் பார்த்ததும் தெரியுது."

"இருக்கட்டும்ப்பா" என்றாள். "வா, கவுன்டரைக் காட்டறேன்."

கவுன்டரில் ஆள் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு உட்கார்ந்தார்கள். ஜன்னல் திறந்ததும் அவன் எழுந்து போய் வரிசையில் நின்றான். அவன் முறை வரும்வரை இருந்து பார்த்துவிட்டு, போர்டக்கா தன் பிரிவுக்குத் திரும்பினாள்.