சுவரில் இருந்த இரண்டு மஞ்சள் புள்ளிகள்

விமானப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் ‘நடை மேடம்’. பாடம் நடத்தும்போது ஓரிடத்தில் நிற்கமாட்டாள். பலகையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து மறுபடி பலகை. யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணி, ஐம்பது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு நடை என்று கடைசி மேசையில் எழுதி வைத்திருந்தார். வீட்டிலும் இதே கதைதான். “அக்கா, உனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கினது வீண். துணி போடத்தான் ஆச்சு” என்பாள் தங்கை.

அவள் விமானம் ஓட்டுகிறவள் அல்ல. இறக்கை விமானத்தை எப்படித் தூக்குகிறது என்று வகுப்பறையில் சொல்லிக்கொடுப்பவள். வேலைக்குச் சேர்ந்த வருடமே, பெயிண்ட் வாங்கிவந்து வகுப்பறைச் சுவரில் ஒரு படம் வரைந்தாள். இறக்கையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தெரியும் நீல வடிவம். மேலே வளைவு, கீழே தட்டை. காற்றுக்குப் பதிலாக இரண்டு மஞ்சள் புள்ளிகள். ஒன்று மேல்வழி, ஒன்று கீழ்வழி. பின் விளிம்பில் இரண்டும் கைகோத்ததுபோல் ஒன்றாக நிற்கும்.

“மேல போறவனுக்குத் தூரம் அதிகம். ஆனா கீழ போறவனோட ஒரே நேரத்துல போய்ச் சேரணும். அதனால ஓடுறான். ஓடுற காத்துக்கு அழுத்தம் கம்மி. அதான் இறக்கை மேல எழும்புது.” ஒன்பது வருடங்களாக இதைச் சொல்லி வந்தாள்.

இது தப்பு. இரண்டு வருடங்களுக்கு முன்பே, இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் படித்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்று காற்றுக்கு யாரும் கட்டளை போடவில்லை. மேலே போகும் காற்று உண்மையில் முந்திக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் பரீட்சைத் தாளில் பழைய விடைக்குத்தான் மதிப்பெண். சுவரில் படமும் அழகாக இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம், பறக்கக் கற்றுத்தரும் கேப்டன் வகுப்பறை வாசலில் வந்து நின்றார்.

“உங்க டாக்சி இன்னைக்கும் இழுத்துட்டான், மேடம்.”

டாக்சி என்பது பன்னிரண்டு வருடம் வாடகைக் கார் ஓட்டிவிட்டுப் பறக்க வந்த மாணவர். அவள் வயதுதான்; காதோரம் நரைத்திருந்தது. ஸ்டால் பயிற்சியில் விமானத்தின் மூக்கை வேண்டுமென்றே தூக்கிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை உதறும், விமானம் பொத்தென்று இறங்கும். அப்போது கட்டுப்பாட்டுத் தடியை முன்னால் தள்ளி மூக்கை இறக்க வேண்டும். டாக்சி மூன்றாவது முறையாக அதை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருந்தார்.

“சனிக்கிழமை கடைசி டெஸ்ட். அன்னைக்கும் இழுத்தான்னா பேரை எடுத்துருவாங்க. எடுக்கலைன்னா நானே எடுக்கச் சொல்லுவேன். என் உயிர் எனக்கு வெல்லம்.”

அவளுக்கு வகுப்பறையில் இருப்புக்கொள்ளவில்லை. விமானக் கொட்டகைக்குப் போனாள். டாக்சி ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“ஏன் இழுத்தீங்க?”

“கீழ விழுதே மேடம். விழுந்தா தூக்கணும்ல?”

“தள்ளணும்னு கேப்டன் சொன்னாரே?”

“சொன்னார். கை கேக்கல. நீங்கதான சொன்னீங்க, இறக்கையோட வடிவம்தான் தூக்குதுன்னு. மேலயும் வடிவம் அதேதான் இருக்கு, இன்ஜினும் ஓடுது. அப்புறம் எதுக்கு மூக்கைக் கீழ குத்தணும்? தரை தெரியுது மேடம், முழுசா தெரியுது.”

அவள் டயரைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்றும் வந்தாள்.

“கார் ஓட்டும்போது ஜன்னல் வழியா கையை நீட்டியிருக்கீங்களா?”

“பன்னெண்டு வருஷமா அதானே பொழுதுபோக்கு.”

“கையைக் கொஞ்சம் சாய்ச்சா?”

“மேல தூக்கும்.”

“உங்க கை தட்டைதான? வளைவு எங்க இருக்கு?”

டாக்சி தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“சாய்ச்ச கை காத்தைக் கீழ தள்ளுது, காத்து கையை மேல தள்ளுது. இறக்கையும் அதைத்தான் செய்யுது. அதோட முதுகு மேல போற காத்தும் வளைவைப் பிடிச்சுக்கிட்டே வந்து கீழ திரும்புது. வளைவு அதுக்கு உதவி, அவ்வளவுதான். சரி, கையை ரொம்பச் சாய்ச்சா?”

“தூக்காது. பின்னால அறையும். முழங்கை வலிக்கும்.”

“அதான் ஸ்டால். எதிர்ல வர்ற காத்துக்கும் இறக்கைக்கும் நடுவுல கோணம் ஏறிக்கிட்டே போனா, காத்தால முதுகைப் பிடிச்சுக்க முடியாது, பிய்ச்சுக்கிட்டுப் போயிரும். நீங்க இழுக்க இழுக்கக் கோணம் இன்னும் ஏறும்.”

டாக்சி டயரிலிருந்து எழுந்தார். “அப்ப சுவத்துல இருக்கற படம்?”

“தப்பு.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

அவள் கொட்டகை வாசலை நோக்கி நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை, தங்கை பாதி பின்னி வைத்திருந்த சிவப்பு ஸ்வெட்டரின் ஒரு கை காணாமல் போயிருந்தது. விரல் நீளத் துண்டுகளாக அந்த நூல், கேப்டனின் முனகலுக்கும் மெக்கானிக்கின் சம்மதத்துக்கும் நடுவே, காற்று போகும் வழியைக் காட்ட, பயிற்சி விமானத்தின் இறக்கை முதுகில் வரிசையாக ஒட்டப்பட்டது. கேப்டனும் டாக்சியும் முன்னால் உட்கார, அவள் பின் இருக்கையில் ஏறினாள். கால் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருந்தது.

மேலே போனதும் நூல்கள் வாரிய தலைமுடிபோல் பின்னோக்கிப் படிந்து கிடந்தன. மூக்கு ஏறியது. பின் விளிம்பில் ஒரு நூல் துடித்தது, பிறகு அதன் பக்கத்து நூல். இறக்கை உதறியபோது பாதி நூல்கள் எழுந்து கண்டபடி சுழன்றன. சில முன்பக்கம் திரும்பிப் படுத்தன. கேப்டன் தடியைத் தள்ளினார். ஒரே நொடியில் எல்லா நூல்களும் மறுபடி படிந்தன.

“அட!” என்றார் டாக்சி.

சனிக்கிழமை டெஸ்டுக்கு டாக்சியை வெளியிலிருந்து வந்த சோதகர் ஒருவர் அழைத்துப் போனார். அவளால் உட்கார முடியவில்லை. உப்புத்தாளை எடுத்து, பின் விளிம்பில் நின்ற மேல் புள்ளியைச் சுரண்டத் தொடங்கினாள். வெளியே இன்ஜின் சத்தம் குறைந்தால் கை நிற்கும், ஏறினால் மறுபடி சுரண்டும். புள்ளி போய், காரை தெரிந்தது. பின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் தள்ளிப் புதிய மஞ்சள் புள்ளி வைத்தாள். கீழ்ப் புள்ளி பின்தங்கி நின்றது. இறக்கைக்குப் பின்னால், காற்று கீழே சரிந்து போவதைக் காட்டப் பெரிய அம்பு ஒன்று இழுத்தாள். கோணல்மாணலாக வந்தது.

வாசலில் கேப்டன். “மூக்கை இறக்கிட்டான். தேவைக்கு மேலயே இறக்கிட்டான். சோதகருக்கு டீ வேண்டாமாம், தண்ணி மட்டும் போதுமாம். பாஸ்.”

பின்னாலேயே வந்த டாக்சியின் சட்டை முதுகு நனைந்திருந்தது. “உக்காருங்க மேடம், இப்பவாவது” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். சுரண்டிய இடத்தைப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பார்த்துப் படித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் இழுப்பார்கள்? எழுந்து அலமாரியைத் திறந்து, ஒன்பது வருட வருகைப் பதிவேடுகளை மேசையில் இறக்கினாள். முதல் பதிவேட்டில் முதல் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் போனில் அழுத்தினாள்.

“மேடமா? என்ன மேடம், யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?”

“ஒண்ணும் ஆகல. நான் சொல்லிக்கொடுத்ததுல ஒரு தப்பு இருக்கு. இப்ப எங்க இருக்கீங்க, கையில பேனா இருக்கா?” என்று கேட்டபடியே ஜன்னல் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.