லைன் சரியில்லை

‘லைன்’ என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லி, எங்கள் ஆங்கில டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை எங்களை அனுப்பிவைத்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சனி ஞாயிறு நிம்மதியாக இருக்கக் கூடாது என்று அவருக்கு என்னதான் வேண்டுதலோ! புதிதாக எப்போது கிடைத்தாலும் வந்து சொல்லலாம் என்று வேறு சொல்லிவிட்டார். மலேசியாவில், கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. ஆனால் ஆங்கிலச் சொல் கலக்காமல் பேசத் தெரிந்தவரும் கிடையாது.

அப்பாவுக்கு லைன் என்றால் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்து வரிசை வீடு. அம்மாவுக்கு கிளினிக்கில் கால் கடுக்க நிற்கும் வரிசை. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அண்ணன் நாள்தோறும் சண்டை போடுவதும் ஒரு லைனுக்காகத்தான். பக்கத்து வீட்டு அங்கிள் தூண்டில் நரம்பைக் காட்டி, “இதுவும் லைன்தான்லா” என்றார். ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை. இப்படி ஒரு மொழியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பின்னறையில் குடியிருந்த மாமா மட்டும் இரண்டு கொடுத்தார். “ஒண்ணு நான் நிக்கிற லைன் பாப்பா. இன்னொண்ணு உங்க அத்தைகிட்ட பேசுற லைன்.”

மாமா அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறை. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, பக்கத்து மேருவில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அத்தை ஊரில். இரண்டு முறை கரு கலைந்து, பொங்கலுக்கு மாமா போய்வந்த பிறகு மூன்றாவதாகத் தங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். இங்கே மூன்று மணி, அங்கே பன்னிரண்டரை. அதுவரை மாமா பசியோடு காத்திருப்பார். பிஸ்கட் டின்னில் போனைச் சாய்த்து வைத்து, சோற்றை உருண்டையாக உருட்டிப் போனுக்கு நேரே நீட்டுவார். அத்தை அங்கே ஆவென்று வாயைத் திறப்பார். “வெக்கங்கெட்டதுங்க!” என்று அம்மா சிரித்துக்கொண்டே திட்டுவார். அத்தை பிசைந்து அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்தால் அப்போதுதான் சாப்பிட்டு முடித்த எனக்கே மறுபடி பசிக்கும்.

மாமா நின்ற மெஷின் லைனில் ஒரு பழக்கம் இருந்தது. கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்தினால் அன்றைய எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் எல்லாரும் அதன் கண்ணில் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்வார்கள். அத்தைக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒருநாள், சிக்கிய மூடியை எடுக்க மாமா வலது கையை உள்ளே விட்டார். மெஷின் நிற்கவில்லை.

மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. விசாரணைக்கு ஆட்கள் வந்து பார்ப்பதற்குள் டேப்பை யாரோ பிய்த்துவிட்டார்களாம், மாமாதான் கவனமில்லாமல் கையை விட்டாராம். “கம்பனிக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும்லா!” என்று அப்பா வாசலில் நின்று கத்தினார். யாரிடம் கத்தினார் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாமா அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “புள்ள பொறக்கற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாதுக்கா. இதுவும் கலைஞ்சா அவ தாங்க மாட்டா.”

அடுத்த ஞாயிறு, வீடியோ இல்லாமல் அழைத்தார். போன் வழக்கம்போல பிஸ்கட் டின்னில் சாய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் டீ கலக்க மட்டும் வைத்திருந்த ஸ்பூனை அம்மா அவருடைய இடது கையில் கொடுத்தார்.

“என்னங்க, மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறீங்க?” என்றார் அத்தை.

“இங்க லைன் சரியில்ல. வீடியோ போட்டா கட் ஆயிடுது.”

எனக்கு ஆச்சரியம். போனில் எல்லா சிக்னல் கோடுகளும் முழுசாக நின்றன. சொல்ல வாயெடுத்தேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணீரே வந்துவிட்டது.

மாமா சாப்பிடத் தொடங்கினார். பழக்கமில்லாத கை. ஸ்பூன் எவர்சில்வர் தட்டில் ணங், ணங் என்று இடித்தது.

“அது என்னங்க சத்தம்?”

“லைன்ல வர்றதுதான்.”

லைன் கட்டாகிவிட்டதென்றே நினைத்தேன். மாமா போனையே பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து அத்தையின் குரல் வந்தது, ஜலதோஷம் பிடித்ததுபோல.

“ஆமாங்க. லைன் சரியில்லதான். நீங்க மெதுவா சாப்பிடுங்க. நானும் சாப்பிடறேன்.”

பிறகு போனுக்குள்ளிருந்து அதே ஸ்பூன் இடிக்கும் சத்தம் கேட்டது. ணங். கொஞ்சம் விட்டு, மறுபடியும் ணங். எங்கள் பக்கத்துச் சத்தமே அங்கே போய்த் திரும்பி வருகிறது, இதுவும் லைன் கோளாறுதான் என்று நான் முடிவுகட்டினேன். டீச்சரிடம் சொல்லப் புதிதாக ஒன்று கிடைத்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாமா எப்போதோ ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.