ஈரம் காயாத பாதங்கள்

லாரிகளுக்குப் படம் வரைந்து பழகிய கை என்னுடையது. நாமக்கல் பட்டறைகளில் முருகன், மாதா, பிறை நிலா என்று ஓனர் எதைக் கேட்டாலும் வரைவேன். கேபினுக்கு மேலே இடம் குறைவு என்பதால் எல்லாச் சாமியும் மார்போடு முடிந்துவிடும். அதனால் பத்து வருடம் தொழில் செய்தும் நான் ஒரு பாதம்கூட வரைந்ததில்லை. இதை யாரிடமும் சொன்னதுமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற மலைக்கிராமப் பகுதியில், ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். உயிர்த்த இயேசுவை முழு உருவமாகச் சுவரில் வரையப் பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டார். எனக்கு அது முதல் சுவர். விடுவேனா? சரி என்று தலையாட்டிவிட்டு மலையேறினேன்.

பீடத்துக்கு வலப்பக்கச் சுவர். முகம் நன்றாக வந்தது, கைகளும் வந்தன. பாதத்தில் மாட்டிக்கொண்டேன். பத்து விரல்களும் வாழைச்சீப்பு மாதிரி இருந்தன. இரண்டு நாள் அழித்து அழித்து வரைந்து, கடைசியில் எரிச்சலில் அகலமான தோல்வார் வைத்த செருப்பு ஒன்றை மாட்டிவிட்டேன். விரல்கள் ஒளிந்துகொண்டன. வாரில் தையல்கூடப் போட்டேன். திருட்டுப் புத்திக்கு எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை காலையில், ஆலயத்தைக் கூட்டும் அக்கா வந்தார். மரவள்ளியும் மிளகும் போடுகிற குடும்பம். அங்கிருந்த இருபது கிறிஸ்தவ வீடுகளிலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மேலே பார்த்துச் சிலுவை போட்டவர், கீழே பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

"ஏனுங்க தம்பி, நாங்க வாசல்லயே செருப்பைக் கழட்டீட்டு வாரோம். இவரு செருப்போட நிக்கறாரே?"

"அந்த நாட்டுல அப்படித்தான் நடந்தாருங்க," என்றேன்.

"நடக்கறப்ப போட்டிருப்பாருங்க. கோயலுக்குள்ள வந்தாக் கழட்டியிருப்பாரல்லங்க? ஆணி அடிச்ச காயத்தையும் காணோம். நாங்க பாதத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறவீங்க. செருப்பையா தொட்டு ஒத்திக்கறது?"

மதியத்துக்குள் ஊரே வந்து பார்த்தது. ஒருவரும் சுவர் பக்கத்தில் வரவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பங்குச்சாமியார் சுருக்கமாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலையில ஆயர் கோயிலை அர்ச்சிச்சுத் திறந்து வைக்க வர்றாரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பாதம் மாறணும். இல்லேன்னா அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சிருவோம். ஜனங்க கும்பிடாத படம் எனக்கு வேண்டாம்."

பதினெட்டு நாள் வேலை! செருப்பைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன். சனிக்கிழமை காலையில் மறுபடியும் வாழைச்சீப்புதான் வந்தது. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியவில்லை.

"எனக்குக் கால் வரையத் தெரியாதுங்க! போதுமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வெளியே போய்க் காலைக் கழுவிவிட்டு வந்து, பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"இதைப் பார்த்து வரை சாமி."

"ஆம்பளைக் காலு வேணுமுங்க."

"அவரும் காடு மேடு நடந்தவருதானுங்களே?"

அகன்று பிரிந்த விரல்கள். வெடித்த குதிகால். வலது புறங்காலில், மரவள்ளிக் காட்டில் மண்வெட்டி இறங்கிய தழும்பு. அந்தத் தழும்பு இருந்த இடத்திலேயே ஆணிக் காயத்தை வைத்தேன். நான்கு மணிக்கு முடித்தபோது அவரால் பெஞ்சிலிருந்து இறங்க முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. பங்குச்சாமியார் வந்து பார்த்தார். சுண்ணாம்பு வாளியை எடுத்துப் போகச் சொன்னார்.

ஆனால் என் பயம் போகவில்லை. கீழே நாமக்கல் வெயிலில் எனாமல் பெயிண்ட் அரை நாளில் காய்ந்துவிடும். இங்கே ஐப்பசிப் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஞாயிறு காலையில் ஓரத்தில் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. என் வாழ்நாளில் வரைந்த முதல் பாதம். யார் விரல் பட்டாலும் போயிற்று. தொடக் கூடாது என்று பங்குச்சாமியாரை இரண்டு முறை அறிவிக்க வைத்தேன். பூசை முடியும்வரை சுவரோரம் காவல் நின்றேன்.

பூசை முடிந்ததும் அக்காதான் முதலில் வந்தார். குனிந்தார். கை நீண்டது.

"தொடாதீங்க! பெயிண்டு காயலீங்க!" ஆயர் முன்னாலேயே கத்தினேன்.

அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. காயத்தின் மேல் விரலை வைத்து, அந்த விரலை இரண்டு கண்ணிலும் ஒத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஊரே வரிசையில் வந்தது. நேற்று முன்தினம் வாசலைத் தாண்டாதவர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். கடைசி ஆள் நகர்ந்தபோது நான் வரைந்த கால்விரல்கள் கலைந்து, காயம் கணுக்கால் வரை இழுபட்டிருந்தது. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எனாமல் கண்ணில் எரியுமே என்று துணியில் தேங்காய் எண்ணெய் நனைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். காயத்தின் சிவப்புப் பெயிண்ட் இமைகளில் ஒட்டியிருந்தது.

"துடைச்சுக்குங்கக்கா, எரியும்."

"இருக்கட்டும் கண்ணு. தானாப் போறப்பப் போகட்டும்."

மறுநாள் பங்குச்சாமியார், சரிசெய்து தருகிறாயா என்று கேட்டார். வேண்டாம், அவங்க தொட்டது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பாதங்களில் அதற்குப் பிறகு நான் பிரஷ் வைக்கவில்லை.