மாப்பிள்ளையின் கால்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு ஒரு சட்டம் இருந்தது. படத்தில் துவக்கு வெடித்தால் சனல் மாறும். இரத்தம் வந்தால் பெட்டியே நின்றுவிடும். ஏன் என்று கேட்டால் அம்மா "மாமாவுக்குக் கூடாது" என்பார். சீனி வருத்தக்காரர் வீட்டில் இனிப்பை ஒளித்து வைப்பதுபோல அம்மா இரத்தத்தை ஒளித்து வைத்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். விசுவமடுச் சந்தியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற ஒரு கொட்டில் வைத்திருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால்தான். சொந்தக் கால் எங்கே என்று கேட்டால், இரணைமடுவில் முதலை கொண்டுபோய்விட்டது என்பார். இன்னொரு நாள் கேட்டால், வவுனியா பஸ்ஸில் மறந்து விட்டுவிட்டு இறங்கிவிட்டேன் என்பார். நான் முதலையைத்தான் நம்பினேன். பஸ்ஸில் விட்டிருந்தால் கொண்டக்டர் எடுத்து வைத்திருப்பார் அல்லவா?

இப்படிப் பகிடி விடுகிற மனிதரின் வாயை ஒருமுறை நான் அடைத்துவிட்டேன். சித்திரை வருடப் பிறப்பன்று அவருடைய அறை யன்னலுக்குக் கீழே ஒரு கட்டுச் சீனவெடி கொளுத்தினேன். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். பொய்க்காலின் ஆணி விழுந்துவிட்டது, தேடுகிறார் என்று அம்மா சொன்னார். ஆணி கிடைத்ததோ என்னவோ, இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி மாமாவுக்குக் கூடாத எதையும் செய்யமாட்டேன் என்று பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டுச் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்துக்கு ஆயுள் அடுத்த பள்ளிக்கூட விடுமுறை வரைதான். கனகராயன்குளத்திலிருந்து பெரியம்மாவின் மகன் ஒரு பென்டிரைவோடு வந்து சேர்ந்தான். பேய்ப்படம், ஆனால் சிரிப்புப் படம் என்றான். அன்றைக்கு மாமாவுக்குப் புதுக்கால் அளவெடுப்பதற்காக அம்மாவும் அவரும் யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். அப்பா வயலில். நாங்கள் கதவைச் சாத்திவிட்டுப் படத்தைப் போட்டோம்.

ஒரு கல்யாண மண்டபம். சமையற்காரனுக்குள் பேய் புகுந்து அவன் கத்தியோடு எல்லாரையும் துரத்துகிறான். வெட்டுப்பட்டவர்கள் ஒழுங்காகச் சாகாமல் பந்தியில் வந்து இருந்து, பாயாசம் போதாதென்று சண்டை பிடிக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த ஒரு தலை, தடிமன் பிடிக்கிறது, கதவைத் திற என்று கத்துகிறது. நான் பயத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மாப்பிள்ளையின் கால் வெட்டுப்பட்டு மணவறையில் விழுந்த நேரம் பார்த்துத் தெருப்படலை கிறீச்சிட்டது.

அளவெடுப்பவர் லீவாம். போன கையோடு திரும்பிவிட்டார்கள். நான் ரிமோட்டை எடுத்து நெரித்த நெரியில் படம் நின்றது, ஆனால் அணையவில்லை. திரை நிறைய அந்தக் கால், சிவப்புச் சிவப்பாய் அப்படியே நின்றது. வாசலில் மாமா. அவர் கட்டிலுக்குக் கீழே கிடந்த கோலம் என் கண்ணுக்குள் வந்தது.

"உந்தப் படத்தை நிப்பாட்டு!" என்று அம்மா கத்தினார். அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது.

மாமா திரையைப் பார்த்துக்கொண்டே வந்து கதிரையில் இருந்தார். பொய்க்காலைக் கழற்றி அலுமாரியோடு சாத்தி வைத்தார். "விடுங்கோ அக்கா. பிள்ளை, போடு பாப்பம். அவனுக்கு என்ன நடந்ததெண்டு தெரியவேணுமெல்லோ."

போட்டேன். மாப்பிள்ளையின் தொடையிலிருந்து இரத்தம் கிளம்பி முகட்டில் சுழன்ற காற்றாடியில் பட்டு, பந்தியில் இருந்தவர்களின் இலையிலெல்லாம் தெறித்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தையே பார்த்தேன். அது மெல்லக் கோணியது. போச்சு என்று நினைத்தேன்.

"உவனென்ன, உடம்புக்குள்ள தண்ணிப் பம்போ பூட்டி வைச்சிருக்கிறான்?" என்றார் மாமா. பிறகு வெடித்துச் சிரித்தார்.

பிள்ளையார் மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். குசினி வாசலில் நின்ற அம்மா திரையைப் பார்த்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அலறிக்கொண்டு நின்ற மணப்பொம்பிளையை ஏசத் தொடங்கினார்.

"உந்தப் பெட்டை என்னத்துக்குக் குழறிக்கொண்டு நிக்கிறாள்? காயத்துக்கு மேல இறுக்கிக் கட்டவேணும். உடுத்திருக்கிற சீலையில ஒரு துண்டைக் கிழிச்சாப் போதும்."

"கூறைச்சீலையெல்லோ அக்கா. கிழிக்க மனம் வருமோ?"

"வரும்," என்றார் அம்மா. "கட்டிப்போட்டு ஒரு தடியை வைச்சு முறுக்கவேணும்."

"தடி இல்லாட்டி அகப்பைக் காம்பு."

அம்மா அவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். அடித்துவிட்டுச் சிரித்தார். அகப்பைக் காம்பில் அப்படி என்ன பகிடி இருக்கிறதென்று எனக்கும் பெரியம்மாவின் மகனுக்கும் விளங்கவில்லை. அவர்களோ ஆளையாள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நிலத்தில், மாமாவின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தார். வெட்டுப்பட்ட கால் தன்பாட்டில் துள்ளித் துள்ளி மாப்பிள்ளையைத் தேடி வந்தபோது, "முதலை விட்டிட்டுதாக்கும்" என்றார் மாமா. அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொல்லி மூன்று தரம் பார்த்தோம். அன்றோடு வீட்டுச் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது.

அடுத்த பள்ளித் தவணை, வகுப்பில் முதலுதவிப் பாடம். இரத்தம் நிற்காமல் ஓடினால் என்ன செய்வீர்கள் என்று ரீச்சர் கேட்டார். நான் எழும்பி, சீலையைக் கிழித்து மேலே இறுக்கிக் கட்டி, அகப்பைக் காம்பை வைத்து முறுக்க வேண்டும் என்றேன். அகப்பை என்றதும் வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. என் கிட்ட வந்து, உனக்கு இது எப்படித் தெரியும் என்று மெதுவாகக் கேட்டார்.

"படத்தில பாத்தனான், ரீச்சர்."

இரத்தப் படம் பார்த்தாலும் அறிவு வளரும் என்று அம்மாவுக்குச் சொல்வதற்காக அன்று வீடுவரை ஓடினேன். அந்தப் படத்தில் கடைசிவரை ஒருவரும் எதையும் கிழிக்கவுமில்லை, கட்டவுமில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.