கமால் பாய் கடைசியாகப் பார்த்த கிளட்ச்

திருமங்கலத்தில் சவாரியை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டாக்சி ஸ்டாண்டுக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். "அண்ணே, கமால் பாய் போயிட்டாரு. காலைல செல்வராசு வண்டி அவரு மேல ஏறிருச்சு. பெரியாஸ்பத்திரில வச்சு உசுரு போயிருச்சு" என்றார். மதுரைக்கு எப்படி ஓட்டி வந்தேன் என்று எனக்கே தெரியாது.

மதுரையில் டாக்சி ஓட்டுகிறவர்களுக்குப் பாய் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மகபூப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். கிளட்ச் தகராறு என்றால் நாங்கள் அவரிடம்தான் போவோம்.

எழுபதுகளில் ஒருநாள், அழகர்கோவில் போகும் வழியில் என் பழைய அம்பாசடர் உறுமியதே தவிர வேகம் எடுக்கவில்லை. என்ஜினையே இறக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பாய் வண்டியைப் பட்டறைச் சுவரில் முட்ட நிறுத்தச் சொல்லி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "ஹேண்ட் பிரேக்கப் போடு. மூணாவது கியரு. இப்ப கிளட்ச மெதுவா விடு மாப்ள." விட்டேன். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அணையணும். அணையலைன்னா கிளட்ச் பிளேட்டு தேஞ்சு வழுக்குது. என்ஜின் மேல ஏன்யா பழியப் போடுறீங்க?" என்றவர், என் இடது காலைப் பார்த்தார். "எந்நேரமும் பெடல் மேலயே கெடந்தா பிளேட்டு தேயத்தான் செய்யும். அதென்ன ஒன் மாமியா வீட்டுக் கட்டிலா?" பட்டறையே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அன்றோடு பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பல வருஷப் பழக்கம். வாயைத் திறந்தால் ஏச்சுதான். ஆனாலும் பாதி வழியில் நின்ற வண்டிக்காக வாடிப்பட்டி வரை பஸ் ஏறி வருவார். நோன்பு நாளிலும் வந்திருக்கிறார்.

செல்வராசு எங்கள் ஸ்டாண்டுக்குப் புதியவர். கியர் விழும்போது கரகரவென்று கத்துகிறது என்று அன்று காலை பாயை ஸ்டாண்டுக்கே கூப்பிட்டிருக்கிறார். பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை நம்பாமல், முதல் கியரில் போட்டு நிறுத்துவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த வண்டியும் அப்படித்தான் நின்றது. பாய் அடியில் படுத்து, கிளட்ச் ராடை முறுக்கிவிட்டு, "மிதி" என்றாராம். செல்வராசு மிதித்தார். மிதித்ததோடு நின்றாரா? சரியாகிவிட்டதா என்று பார்க்கிற அவசரத்தில் ஸ்டார்ட்டும் செய்துவிட்டார். வண்டி ஒரே எட்டாக முன்னால் பாய்ந்தது.

கியரில் நிற்கும் வண்டி, கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்தால்தான் அப்படிப் பாயும். பெடலை மிதிக்காமலே ஸ்டார்ட் செய்திருக்கிறான் என்று ஸ்டாண்டே அவரைத் தூற்றியது. நானும்தான். போலீஸும் அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டது. "மிதிச்சேன்யா, கடைசி வரைக்கும் மிதிச்சேன்" என்று அவர் அழுததை ஒருவரும் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் பாய்க்குக் கொஞ்ச நேரம் நினைவு இருந்திருக்கிறது. கப்பலூரில் வேலை பார்க்கும் மூத்த மகன் என்னிடம் சொன்னார்: "அத்தா சொல்லிட்டுத்தான் போனாக மாமா. 'அந்தப் பய மிதிச்சான். பெடல் எறங்குன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. மிதிச்சும் கிளட்ச் பிரியல, பிளேட்டு ஒட்டிக்கிருச்சு. போலீஸ்ல சொல்லிரு'ன்னாக. நானும் சொல்லிட்டேன்."

நெஞ்செலும்பு நொறுங்கிக் கிடந்தவர் அந்த நிலையிலும் கிளட்சைத்தான் பார்த்திருக்கிறார். நான் கேட்கிறேன், மிதிக்கச் சொன்னால் மிதிப்பதோடு நிற்க வேண்டியதுதானே? ஸ்டார்ட் செய்யச் சொன்னது யார்? என் மனசு ஆறவே இல்லை.

மறுநாள் அடக்கத்தின்போது மையவாடியில் எல்லோரும் கபர்க் குழியில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வராசு வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்தில் நின்றார். பாயின் மகன் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். கூட்டம் அசையவில்லை. அவர்கள் வந்த வழியில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பாய், நீங்கள் பார்த்துச் சொன்னதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஒதுங்கி வழி விட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போய் வாருங்கள்.